ஒரே காற்றுக்கு ஏன் இரண்டு எண்?

என் போனில் மதுரைக்குக் காற்றுத் தரக் குறியீடு 75, பச்சை. மகன் போனில் 124, ஆரஞ்சு. எதை நம்புவது? (செல்லூர் வாசகர்)

இரண்டும் பொய்யில்லை, அளவுகோல்தான் வேறு. ஒரு கனமீட்டர் காற்றில் பி.எம். 2.5 (2.5 மைக்ரானுக்கு மிகாத) நுண்துகள் 45 மைக்ரோகிராம் இருந்தால் இந்தியக் கணக்கில் அது 75-ஐ ஒட்டி வரும், ‘திருப்தி’. அமெரிக்கக் கணக்கில் அதே காற்று 124, குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் ஆகாது. இந்த நுண்துகளின் ஒரு நாள் சராசரிக்கு இந்திய வரம்பு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவோ 15தான். எனவே வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் பச்சையைப் பார்த்து அசந்துவிடாதீர்கள்.

எண்ணோடு நிற்காமல் அதைத் தொட்டு உள்ளே பாருங்கள். எட்டு மாசுகளுக்கும் தனித்தனியே எண் போட்டு, எது அதிகமோ அதைத்தான் இந்தியக் குறியீடு தலைப்பில் காட்டுகிறது. கூட்டுவதும் இல்லை, சராசரி எடுப்பதும் இல்லை. பி.எம். 10 (10 மைக்ரான் வரையுள்ள துகள்) ஏறியிருந்தால் பெரும்பாலும் ரோட்டுப் புழுதி, கட்டட வேலை. பி.எம். 2.5 ஏறியிருந்தால் பெரும்பாலும் புகை. மூச்சுச் சிற்றறைகள் வரை போய், ரத்தத்திலும் கலந்து, மாரடைப்பு, பக்கவாதம் வரை இழுத்துவிடுவது இந்த இரண்டாவதுதான்.

இன்னொரு சிக்கல், நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரி எடுப்பது. போகியன்று விடியற்காலை தெருவே புகையில் மூழ்கிக் கிடக்கும்; சராசரியோ முந்தின நாளின் நல்ல காற்றையும் சேர்த்துக்கொண்டு இன்னும் பச்சையிலேயே நிற்கும். அந்த நேரத்தில் செயலியை விட மூக்கு மேல்.

மார்கழிப் பனியில் காலை ஐந்தரைக்குத் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பது நல்லதுதானே? (அனுப்பானடி வாசகி)

குளிர்ந்த காற்றெல்லாம் சுத்தமான காற்று இல்லை. காற்று அசையாத பனிக்கால இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கிவிடும். மேலே வெதுவெதுப்பான அடுக்கு மூடி போட்டது போல நிற்கும். ராத்திரி ஓடிய லாரியின் புகை, எரித்த குப்பையின் புகை எல்லாம் அதற்குள்தான். வெயில் ஏறித் தரை சூடான பிறகே மூடி திறக்கும். இழுப்பு, இருதயக் கோளாறு உள்ளவர்கள் தை முடியும் வரை நடையைச் சாயங்காலம் நாலு மணிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆடியில் இந்தத் தொல்லை குறைவு. கண்ணில் மண் விழும், அவ்வளவே.

மேலூர்ப் பக்கம் கிரஷரில் வேலை. ஈரத் துண்டு கட்டினால் போதுமா?

போதாது. துண்டு தடுப்பது கண்ணுக்குத் தெரியும் தூசியை. கல்தூளில் உள்ள சிலிக்கா அதைவிட நுண்ணியது. நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிட்டால் பிறகு ஆறாது, காசநோய்க்கும் வழிவிடும்.

என்95 முகக்கவசம் வாங்குங்கள். காதில் மாட்டுவது தளர்ந்துவிடும். தலைக்குப் பின்னால் இரண்டு வார் போகிற வகையே நல்லது. மூக்குப் பட்டையை இரண்டு கை விரல்களாலும் அழுத்திப் படிய வைத்துவிட்டு, பலமாக ஊதுங்கள். கண்ணோரத்தில் காற்று பட்டால் அங்கே இடைவெளி இருக்கிறது. தாடி இருந்தால் ஒட்டவே ஒட்டாது. துவைக்கவும் கூடாது, துகளை இழுத்துப் பிடிக்கும் மின்னூட்டம் போய்விடும். ஆனால் கவசம் கடைசிக் காவல்தான். கல் உடைபடும் இடத்திலேயே தண்ணீர் தெளிக்கச் சொல்லி முதலாளியைக் கேளுங்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஏர் பியூரிஃபையர் எந்த அளவு?

கூரை பத்தடி என்றால் அறையின் கொள்ளளவு சுமார் 34 கனமீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று வடிகட்டப்பட வேண்டும். ஆக, பெட்டியில் ‘சி.ஏ.டி.ஆர்.’ (சுத்தமான காற்றை வெளியே தரும் வேகம்) என்ற இடத்தில் மணிக்கு 170 கனமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதாகப் பாருங்கள். ஓசோன் விடும் வகை வேண்டாம். ஓடும்போது சன்னலைச் சாத்துங்கள்.

எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். ஊர்க்காற்று சுத்தம்தான், ஆனால் அப்பத்தாவுக்கு மூன்று வாரத்துக்கு மேலாக இருமல் நிற்கவில்லை.

அப்பத்தா விறகில்தான் சமைக்கிறாரா? மூடிய அடுப்படியில் சமைக்கும் நேரத்தில் பி.எம். 2.5 பல நூறு மைக்ரோகிராமைத் தொடும். ஊருக்கான எந்தக் குறியீட்டிலும் அது தெரியாது. ஈரக் கருவேலம் விறகு இன்னும் மோசம்: நெருப்பின் சூடு தண்ணீரை ஆவியாக்குவதில் போக, விறகு பாதி எரிந்தும் எரியாமலும் புகையும். கேஸுக்கு மாறினால் நல்லது. அதுவரை காய்ந்த விறகு, அடுப்புக்கு மேலே புகைபோக்கி, எதிர்ச்சுவரில் காற்று நுழைய ஒரு திறப்பு.

ராத்திரி கட்டிலுக்கடியில் கொசுவர்த்திச் சுருள் வைப்பாரென்றால் அதையும் நிறுத்துங்கள். ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. கொசுவலை போதும். மூன்று வாரம் தாண்டிய இருமல் என்பதால் சளிப் பரிசோதனையும், ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியும் செய்யாமல் கடையில் டானிக் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.