பூரணி என்று பெயர் வைத்த நாள்

கேள்வி: எனக்கு வயது 60. உவர்மலையில் வசிக்கிறேன். ‘கல்கி’யில் தொடராக வந்த ‘குறிஞ்சி மலர்’ நாவலை என் அம்மா வாராவாரம் பிரித்தெடுத்து, பைண்ட் செய்து வைத்திருந்தார். அதைப் பதினேழு வயதில் படித்தேன். இன்றும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது படிக்கிறேன். பிள்ளை ஆணென்றால் அதன் கதாநாயகன் அரவிந்தனின் பெயர், பெண்ணென்றால் கதாநாயகி பூரணியின் பெயர் என்று நானும் கணவரும் முதலே பேசி வைத்திருந்தோம். 1989இல் பூரணி பிறந்தாள். அடுத்த ஆண்டு அவரை இழந்தேன். மறுமணம் செய்யவில்லை. மகள் போன மாதம்தான் நாவலைப் படித்தாள். “இந்தப் புத்தகத்தை நம்பித்தானா அம்மா இவ்வளவு காலமும் தனியாக இருந்தீர்கள்? எனக்கும் அந்தப் பெயரையே வைத்தீர்களே” என்று அழுதுவிட்டாள். நான் உயிராக நேசித்த கதை என் பிள்ளையைக் காயப்படுத்திவிட்டதே! இன்னொரு கேள்வி: புத்தகத்தின் தாள்கள் பொடிந்து வருகின்றன. எப்படிக் காப்பாற்றுவது?

– ஒரு வாசகி, திருகோணமலை

பதில்: அன்புச் சகோதரி,

“நானும் கணவரும் முதலே பேசி வைத்திருந்தோம்” என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மகளிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? சொல்லவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெயர் வைத்த நாளில் அவளுடைய அப்பா உங்கள் பக்கத்தில் நின்றார். அந்தப் பெயரில் அவருக்கும் பங்கு இருக்கிறது. கதை முடிவில் காதலனை இழந்து தனித்து வாழப்போகும் ஒரு பெண்ணின் பெயரை அம்மா தன் தலையில் வைத்துவிட்டாள் என்று மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் இருவரும் வைத்ததோ, சந்தோஷமான ஒரு வீட்டில், நாவலின் நடுப்பக்கங்களில் வாழும் பூரணியின் பெயரை.

அந்த நடுப்பக்கங்களை நினைத்துப் பாருங்கள். தமிழறிஞரான தகப்பனை இழந்து, தம்பி தங்கையரைச் சுமந்துகொண்டு திருப்பரங்குன்றத்தில் நிற்கிறாள் ஒரு பெண். மதுரையில் வேலை தேடி அலைகிறாள். பிறகு மங்கையர் கழகத்தில் பாடம் சொல்லித் தன் தமிழாலேயே தலைநிமிர்கிறாள். அச்சகத்தில் வேலை பார்க்கும் அரவிந்தன் கவிதை எழுதுகிறவன். உழைத்துச் சாப்பிடும் இரண்டு பேர் ஒருவர் மனத்தை ஒருவர் மதித்து வளர்த்த காதல் அது. மணிவண்ணன் என்ற புனைபெயரில் நா. பார்த்தசாரதி அதை எழுதியபோது, கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தாய்மார் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்களை வைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைப் போல இப்படியும் மனிதர் இருக்கலாம் என்ற நம்பிக்கையை அவர்கள் அந்தப் பெயர்களில் வைத்தார்கள்.

ஆனால் உங்கள் மகளின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நானும் அந்த முடிவைப் படித்துவிட்டுப் பல நாள் ஆறாமல் இருந்தவள். அரவிந்தன் இறந்துபோகிறான். பூரணி அவன் நினைவோடு தனித்து வாழ்கிறாள். நாவல் அதைப் பெருமையாகவே காட்டுகிறது. பூரணியின் தம்பிக்குத் திருநாவுக்கரசு என்று பெயர் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பேசிய மாப்பிள்ளை போரில் இறந்தபின் தம்பி நாவுக்கரசருக்காக உயிர் தாங்கிய திலகவதியார், தேவாரம் கேட்டு வளர்ந்த நமக்கு அங்கேயே நினைவுக்கு வந்துவிடுவார். முப்பது வயதை எட்டுமுன் ஓர் இளைஞர் கண்ட இலட்சியம் அது. காய்ச்சலில் கொதிக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற தனிமை அதில் இல்லை. அதை நீங்கள் வாழ்ந்தீர்கள். உங்கள் மகள் பக்கத்தில் இருந்து பார்த்தாள். அழகான நடையில் அந்தத் தனிமை புகழப்படுவதைப் படித்தபோது அவளுக்கு அழுகை வந்ததில் என்ன வியப்பு?

ஆகவே நாவலுக்காக அவளோடு வாதாடாதீர்கள். அவள் கேட்டிருப்பது உங்களைப் பற்றி. ஏன் தனியாக இருந்தீர்கள்? 1990இல் நம் ஊரில் துணையை இழந்த பெண்களில் கதைப் புத்தகத்தைத் தொட்டே பார்க்காதவர்களும் இருந்தார்கள். அவர்களிலும் எத்தனையோ பேர் தனியாகவே வாழ்ந்தார்கள். கையில் குழந்தை, மறுபடி மறுபடி இடம்பெயர்வு, ஊர் வாய், உறவினர் முகம். இவற்றில் எது உங்களைத் தடுத்தது? யாராவது கேட்டு வந்தார்களா? மறுத்தீர்களா? மறுத்துவிட்டு ஒருநாளாவது வருந்தினீர்களா? அவரை மறக்க மனம் வரவில்லை என்பதுதான் உண்மை என்றால் அதைச் சொல்லுங்கள். புத்தகமும் கொஞ்சம் காரணம் என்றால் அதையும் ஒளிக்காதீர்கள். 36 வயதுப் பெண், தாங்குவாள். அவள் பதிலுக்குத் தன் வாழ்க்கையைப் பற்றி ஏதாவது சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அழுகைக்குப் பின்னால் அப்படி ஒன்று இருக்கக்கூடும்.

வீட்டில் பேச வாய் வராவிட்டால் கோணேசர் கோயிலுக்கு அவளையும் அழைத்துக்கொண்டு போங்கள். திரும்பும்போது கோட்டைக்குள் மான்கள் நிற்கும் மர நிழலில் சற்று நேரம் நில்லுங்கள். அவளுடைய அப்பா அந்தப் பெயரை எப்படிச் சொல்லிப் பார்த்தார், முதன்முதலில் எப்படி அழைத்தார் என்பதிலிருந்து தொடங்கலாம். அந்தக் குரலை அவள் கேட்ட நினைவு அவளுக்கு இருக்காது.

ஆண்டுதோறும் படிப்பதை விட்டுவிட வேண்டாம். ஒரு கதையின் முடிவோடு உடன்படாமலே அதை நேசிக்கலாம். இந்த வயதில் நீங்கள் அந்த முடிவைப் படிக்கும்போது என்ன தோன்றுகிறது என்று அறிய எனக்கே ஆசையாக இருக்கிறது. எழுதுங்கள்.

தாள்களைப் பற்றி: பழைய சஞ்சிகைத் தாள் பழுப்பேறிப் பொடிவதை முற்றாக நிறுத்த முடியாது. வேகத்தைக் குறைக்கலாம். பொலித்தீன் பையில் கட்டி வைத்திருந்தால் இன்றே வெளியே எடுங்கள். நம் கடற்காற்றின் ஈரம் உள்ளே அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். துவைத்துக் காய்ந்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாமல், படுக்கைவாட்டில் வையுங்கள். வெயிலில் காயப்போடக் கூடாது. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே வேண்டாம், அதன் பசை கறையாகித் தாளைத் தின்றுவிடும். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் எடுத்தாலே போதும். அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் தாளைப் பிடிக்க, ஒருவர் படம் எடுக்க. மகளைக் கூப்பிடுங்கள்.