தரையைத் தொடாத வேர்கள்: வாண்டா ஸ்டாண்ட் பற்றி வாசகர் கேள்விகள்

மண்ணில்லாமல் வேரைக் காற்றில் தொங்கவிட்டு வளரும் வாண்டா ஆர்க்கிட் வீட்டில் நான்கு இருக்கிறது. வேர் இரண்டரை அடி தொங்குகிறது. கூரையில் கொக்கி அடிக்க வழியில்லை. குறைந்த செலவில் நாமே ஸ்டாண்ட் செய்ய முடியுமா?
*– வாசகி, நாகர்கோவில்*

தாராளமாகச் செய்யலாம். வெல்டிங் பட்டறைக்குப் போக வேண்டாம், ஒரு இஞ்ச் பிவிசி பைப் போதும். கால்பந்து கோல்போஸ்ட் போல ஒரு சட்டம்: இரண்டு தூண், மேலே ஒரு குறுக்குப் பைப், கீழே ஒரு குறுக்குப் பைப், பக்கத்துக்கு இரண்டாக நான்கு கால்.

பத்தடிப் பைப் மூன்று வாங்குங்கள். முதல் இரண்டிலும் ஆறடித் துண்டு ஒன்று, நாலடித் துண்டு ஒன்று வெட்டுங்கள். ஆறடி தூணுக்கு, நாலடி குறுக்குப் பைப்புக்கு. மூன்றாவதில் ஒன்றரை அடியில் நான்கு கால்கள் வரும். மீதி நாலடியை எடுத்து வையுங்கள், பின்னால் உதவும். எல்போ (எல் வடிவ இணைப்பு) இரண்டு, டீ (T வடிவ மூவழி இணைப்பு) நான்கு, கால் முனைகளை மூட எண்ட் கேப் நான்கு, ஒரு சிறிய டப்பா சால்வென்ட் சிமெண்ட் (பிவிசி ஒட்டும் பசை). இவ்வளவுதான் சாமான்.

ஆறடித் துண்டு ஒவ்வொன்றின் அடியிலும் அரை அடியை வெட்டிப் பிரித்து, நடுவில் ஒரு டீ வையுங்கள். கீழ்க் குறுக்குப் பைப் அதில்தான் சேரும். அரை அடித் துண்டின் அடியில் இன்னொரு டீயைக் கவிழ்த்துப் போட்டு, இரு பக்கமும் கால்களைச் செருகுங்கள். முதலில் பசை இல்லாமல் முழுவதையும் பூட்டிப் பார்த்து, ஒவ்வொரு இணைப்பிலும் பைப்பையும் டீயையும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். சால்வென்ட் சிமெண்ட் சில நொடியில் பிடித்துவிடும். கோடு இல்லையென்றால் கால் ஒன்று கோணிக்கொண்டு நிற்கும், அப்புறம் டீயை வெட்டித்தான் எடுக்க வேண்டும். மேலே உள்ள இரண்டு எல்போவுக்கு மட்டும் பசை வேண்டாம். இறுக்கமாகச் செருகி, பக்கத்துக்கு ஒரு ஸ்க்ரூ போட்டால் போதும். வீடு மாறும்போது கழற்றிக்கொள்ளலாம்.

பலரும் தவறுவது மேல் குறுக்குப் பைப்பில். வெறும் பிவிசி வெயிலில் இளகும். நான்கு செடியும் நனைந்து கனத்தால் சித்திரை முடிவதற்குள் நடுவில் தொய்ந்துவிடும். அதனால் உள்ளே நாலடி நீளத்துக்கு அரை இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பைச் செருகுங்கள். ஒரு இஞ்ச் பிவிசிக்குள் அது சுலபமாகப் போகும், வெளியில் தெரியவும் தெரியாது.

பசை போடும் முன்பே கால்களிலும் கீழ்ப் பைப்பிலும் காய்ந்த மணலை நிரப்பி, டீ பக்கத்தைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் இரண்டரைக் கிலோ அளவுக்கு எடை கூடும். அது ஆடிக் காற்றுக்குப் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு காலின் மேலும் ஒரு செங்கல்லைப் படுக்க வையுங்கள்.

உயரக் கணக்கு இது. மேல் பைப் தரையிலிருந்து 72 இஞ்ச். எஸ் கொக்கிக்கு 3, தொங்கும் கம்பிக்கும் கூடைக்கும் சேர்த்து 15, வேருக்கு 30 என்று கழித்தால் 24 இஞ்ச் மிச்சம். கீழ்க் குறுக்குப் பைப் அரை அடி உயரத்தில் இருப்பதால், அதில் சுமார் ஒன்றரை அடிதான் வேர் இனி வளர்வதற்கான இடம். செடிகளை ஒரு அடி இடைவெளியில் மாட்டுங்கள். இரண்டு செடிகளின் வேர் பின்னிக்கொண்டால் பிறகு உடைக்காமல் பிரிக்க முடியாது.

இன்னும் உறுதியாக இருக்கட்டும் என்று நடுவிலும் ஒரு குறுக்குப் பைப் போட ஆசை வரும். மீதி நாலடித் துண்டு வேறு கண்ணெதிரே கிடக்கும். வேண்டாம். வேர் நுனி எதைத் தொட்டாலும் ஒட்டிக்கொண்டு அதன் மேலேயே ஓடும். பிரித்தால் வெளித்தோல் உரிந்து உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும்.

நிழல் வலை 50 சதவீதம் சரியாக இருக்கும். இலை கரும்பச்சையாகிவிட்டால் வெளிச்சம் போதவில்லை, செந்நிறப் புள்ளிகள் வந்தால் வெயில் அதிகம்.

இரும்பு ஸ்டாண்ட் செய்து பெயிண்ட் அடித்து மாட்டினேன். வேர் நுனிகள் கருகுகின்றன. துரு விஷமா?
*– வாசகர், கோவை*

துருவைச் சந்தேகிக்க வேண்டாம். எந்த வேர் கருகுகிறது என்று பாருங்கள். கம்பியைத் தொடும் வேர் மட்டும் கருகினால் காரணம் சூடு. நண்பகலில் இரும்பைத் தொட்டால் நமக்கே சுடும், பச்சை நுனி எப்படித் தாங்கும்? பழைய தோட்ட ஹோஸை நீளவாக்கில் பிளந்து, வேர் படும் இடங்களில் கம்பிக்கு உறையாகப் போடுங்கள்.

எல்லா வேரின் நுனியும் ஒரே மாதிரி கருகினால் உரத்தையோ உப்புத் தண்ணீரையோதான் பார்க்க வேண்டும். 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள உரம்) போடுகிறவர்கள் லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் போகக் கூடாது, வாரம் ஒரு முறை போதும். காய்ந்த வேரில் உரத் தண்ணீரைத் தெளிக்கவே கூடாது. முதலில் வெறும் தண்ணீர், வேர் பச்சையான பிறகு உரம். போர் தண்ணீரென்றால் வேரில் வெள்ளைப் படிவு தெரியும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து வாரம் ஒரு முறையாவது அதில் நன்றாக அலசுங்கள்.

மூன்றாவதாக ஒன்றையும் பார்த்துவிடுங்கள். கூடையைத் தொங்கவிட்டிருப்பது ஜிஐ கம்பியா, செம்புக் கம்பியா? தண்ணீர் அதன் மேல் வழிந்து வேரில் சொட்டும். துத்தநாகமும் செம்பும் ஆர்க்கிட் வேருக்கு ஆகாது. 2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிக்கு மாற்றுங்கள். கருகிய நுனியை வெட்ட வேண்டாம், வேரின் மேல்பகுதி கெட்டியாக இருந்தால் கருகிய இடத்துக்குச் சற்று மேலே கிளை வேர் வெடிக்கும்.

ஏழாவது மாடி. தண்ணீர் தெளித்தால் கீழ் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். காற்றும் அதிகம். என்ன செய்வது?
*– வாசகி, சென்னை*

அவர்கள் துணி காயப்போட்டிருப்பார்கள், கோபம் நியாயம்தான். தெளிப்பதை விட்டு முக்குவதற்கு மாறுங்கள். இருபது லிட்டர் வாளியில் தண்ணீர் நிரப்பி, செடியைக் கொக்கியோடு கழற்றி, வேரை மட்டும் 15 முதல் 20 நிமிடம் முக்கி வையுங்கள். நீண்ட வேரை முதலில் சிறிது நனையவிட்டு, பிறகு வளைத்து வாளிக்குள் இறக்குங்கள். காய்ந்த வேர் அப்பளம் போல ஒடியும். வாளிக்கு மேலேயே பத்து நிமிடம் வடியவிட்டு மாட்டினால் ஒரு சொட்டும் கீழே போகாது. இரண்டு செடிக்கு ஒரே தண்ணீரைப் பயன்படுத்தினால் ஒன்றின் நோய் மற்றதற்கும் பரவும், மாற்றிவிடுங்கள்.

கோடையில் காலையில் ஒரு முறை, நடுப்பகலில் ஒரு முறை. இருட்டுவதற்குள் வேர் மறுபடி வெள்ளி நிறத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். இலைக் குருத்தில் தண்ணீர் தேங்கினால் டிஷ்யூ பேப்பரால் உறிஞ்சி எடுங்கள், குருத்து அழுகினால் அந்தத் தண்டு அதற்கு மேல் வளராது.

ஸ்டாண்டை நாகர்கோவில் வாசகிக்குச் சொன்ன அளவிலேயே செய்யுங்கள், ஆனால் உயரத்தை ஐந்தடியாகக் குறைத்து, மேல் பைப்பை பால்கனி கிரில்லோடு இரண்டு இடத்தில் கேபிள் டையால் கட்டுங்கள். ஏழாவது மாடியில் கட்டாத ஸ்டாண்ட் ஆபத்து. காற்று வரும் பக்கம் மட்டும் நிழல் வலையை இறக்கினால் வேர் அத்தனை சீக்கிரம் காயாது. மூன்று பக்கமும் மூடிவிடாதீர்கள், புழுக்கத்தில் அழுகல் வரும்.

வேர் தரையில் புரள்கிறது, கத்தரிக்கலாமா? ஒரு வேர் சுவரிலும் ஒட்டிக்கொண்டது.
*– வாசகர், மார்த்தாண்டம்*

உயிருள்ள வேரைக் கத்தரிக்காதீர்கள், செடியை மேலே ஏற்றுங்கள். நாகர்கோவில் வாசகிக்குச் சொன்ன பிவிசி ஸ்டாண்ட் என்றால் தூணையே உயர்த்துவது எளிது: எல்போவைக் கழற்றி, ஒரு கப்ளர் (இரண்டு பைப்பை நேராகச் சேர்க்கும் இணைப்பு) போட்டு, முன்பு மிச்சம் வைத்த நாலடித் துண்டிலிருந்து பக்கத்துக்கு ஒரு அடி சேர்க்கலாம். விரலால் நசுக்கினால் உள்ளீடற்றுக் காகிதம் போல இருக்கும் வேரை மட்டும் வெட்டுங்கள். கத்தரிக்கோலை முதலில் ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள்.

சுவரில் ஒட்டியதை அரை மணி நேரம் ஈரத் துணி சுற்றி வைத்து, பழைய ஏடிஎம் கார்டை மெல்லச் செருகிப் பிரித்துப் பாருங்கள். வரவில்லையென்றால் அந்த வேர் அங்கேயே இருக்கட்டும். செடியைத்தான் இனி நகர்த்த முடியாது.