புது வண்டியில் எதைச் சேர்க்கலாம், எதை விடலாம்: மதுரைப் பக்கக் கேள்விகளும் பதில்களும்

குடும்பத்துக்குக் கார் புக் பண்ணப் போனால் ஷோரூமில் இரண்டு தாளை நீட்டுவார்கள். ஒன்று வேரியன்ட் விலைப்பட்டியல், இன்னொன்று ஆக்சசரீஸ் பட்டியல். அதில் எதற்குக் காசு கொடுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். வண்டி வந்த பிறகு மாட்ட முடியாதது எதுவோ, அதற்கு இப்போதே பணத்தைப் போடுங்கள். பிறகு மாட்ட முடிந்தவற்றுக்கு அவசரமே இல்லை. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்தக் கணக்கில் சொன்னவைதான்.

திருமங்கலத்திலிருந்து: அண்ணே, பாத்து வச்சிருக்க வண்டி எக்ஸ்-ஷோரூம் விலை (சாலை வரி, இன்சூரன்ஸ் சேக்காம) 9.95 லட்சம். சன்ரூஃப் உள்ள அடுத்த வேரியன்ட் 10.35. நாப்பதாயிரம்தான கூடங்கிறாக. பிள்ளைக ரெண்டும் சன்ரூஃப் வேணும்னு ஒரே அடம். எடுக்கலாமா?

தம்பி, நாற்பதாயிரத்தோடு முடியாது. கிட்டத்தட்ட ஒரு லட்சம் வந்துவிடும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரி மாறியது. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் 18. உங்கள் வண்டிக்குப் போட்டுப் பாருங்கள்: 9.95 லட்சத்துக்கு வரி 1,29,350 ரூபாய். 10.35 லட்சத்துக்கு 1,86,300. வரி மட்டுமே 56,950 கூடுகிறது. விலை வித்தியாசத்தையும் சேர்த்தால் 96,950. இது போக, 10 லட்சம் தாண்டிய வண்டிக்கு 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே வாங்கிக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். அதை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் புக்கிங் சமயத்தில் கையிலிருந்துதான் போகும். லோனில் எடுத்தால் இத்தனைக்கும் வட்டி வேறு.

சன்ரூஃபைப் பற்றியும் சொல்கிறேன். நம்ம ஊர் வெயிலில் அதை ஆசைப்பட்டுத் திறப்பது மார்கழி, தையில் சில சாயங்காலங்கள்தான். மற்ற நாளெல்லாம் உள்திரையை இழுத்து மூடியேதான் ஓட்டுவீர்கள். இன்னொன்று பலர் யோசிப்பதில்லை. சன்ரூஃப் சட்டத்தின் மூலைகளில் மழைத்தண்ணீர் வடிய சின்னத் துளைகள் இருக்கும். அங்கிருந்து மெல்லிய குழாய்கள் தூண்கள் வழியாகக் கீழே இறங்கும். சித்திரையில் வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்துகிறோம். உதிர்ந்த பூவும் தூசியும் சேர்ந்து அந்தத் துளையில் பிசின் போல உட்கார்ந்துவிடும். ஐப்பசியில் நல்ல மழை ஒன்று பெய்ததும் மேல்துணி நனைந்து, தண்ணீர் உள்ளே சொட்டும். எடுத்தால் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது சுத்தம் பண்ண வேண்டும். பிள்ளைகள் தலையை வெளியே நீட்டி நிற்பதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். திடீர் பிரேக் ஒன்று போதும்.

அந்த 10.35 வேரியன்டில் சன்ரூஃபோடு பக்கவாட்டு ஏர்பேக், பின்சீட் ஏசி வென்ட் எல்லாம் சேர்ந்து வந்தால் மட்டும் மறுபடி யோசியுங்கள். சன்ரூஃப் ஒன்றுக்காகப் போகாதீர்கள்.

அண்ணா நகரிலிருந்து, பள்ளி ஆசிரியை: எனக்கு நாலு வயசுல ஒண்ணு, ஒன்பது வயசுல ஒண்ணு. பாதுகாப்புக்குன்னு எதையெல்லாம் கண்டிப்பா பாக்கணும்?

அம்மா, இங்கேதான் காசு பார்க்கக் கூடாது. முன்பக்கம் இரண்டு ஏர்பேக் எல்லா வண்டியிலும் சட்டப்படி வந்துவிடும். நீங்கள் கேட்க வேண்டியவை மூன்று. பக்கவாட்டு ஏர்பேக்கும், ஜன்னல் மேலிருந்து இறங்கும் கர்ட்டன் ஏர்பேக்கும் அந்த வேரியன்டில் உண்டா? இஎஸ்சி உண்டா? சாலையில் வழுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிரேக் பிடித்து வண்டியை நேராக்குவது அதுதான். பின்சீட்டில் சைல்டு சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி உண்டா? இவை தொழிற்சாலையிலேயே வர வேண்டியவை. பிறகு எந்தக் கடையிலும் மாட்ட முடியாது. வண்டியை மோதவிட்டுப் பாதுகாப்பைப் பார்க்கும் பாரத் என்கேப் சோதனை 2023 அக்டோபரில் தொடங்கியது. அதில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனியாக நட்சத்திரம் போடுகிறார்கள். விளம்பரத்தில் பெரியவர்கள் நட்சத்திரத்தைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள், குழந்தைகள் நட்சத்திரத்தையும் தேடிப் பாருங்கள்.

சின்னவனுக்கு நல்ல சைல்டு சீட் ஒன்றை வெளியே வாங்குங்கள். பின்சீட்டில் கையை விட்டு, இருக்கையும் சாய்மானமும் சேரும் இடுக்கைத் தடவினால் இரும்பு வளையம் விரலில் தட்டும். அதுதான் ஐசோஃபிக்ஸ். பெரியவனுக்குப் பெல்ட் கழுத்தை அறுக்காமல் தோள்பட்டையில் படியும்படி பூஸ்டர் சீட் வேண்டும். 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குப் பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்துக்காகச் செய்யச் சொல்லவில்லை, பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

சீட் கவர் போடும்போதும் கவனம். முன்சீட் சாய்மானத்தின் கதவுப் பக்க ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதிய ஒரு சின்னத் துணிப்பட்டி தைத்திருக்கும். பக்கவாட்டு ஏர்பேக் அதைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். அந்த இடத்தை மூடித் தைத்த கவர் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

மேலூரிலிருந்து: 28 ஆயிரத்துக்கு ஆக்சசரீஸ் கிட் எடுத்தாத்தான் சீக்கிரம் டெலிவரின்னு சொல்றாங்க சார். கட்டாயமா?

கட்டாயமே இல்லை. புரோஃபார்மா இன்வாய்ஸை, அதாவது பில்லுக்கு முந்தைய விலைத்தாளை, எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக விலை போட்டுத் தரச் சொல்லுங்கள். பட்டியல் பிரிந்ததும் பாதி தானாகவே கழன்றுவிடும். ரிவர்ஸ் சென்சார் என்று ஒரு வரி இருந்தால் அடித்துவிடுங்கள். 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களில் அது கட்டாயம், உங்கள் வண்டியிலேயே இருக்கிறது. கதவு ஓரத்துக்குக் குரோம் பட்டை, கைப்பிடிக்குக் குரோம் மூடி, ஜன்னல் மேல் வைசர் இவற்றால் வண்டிக்கு ஒரு லாபமும் இல்லை. மட்ஃபிளாப்பும் கால் மிதியும் தேவைதான். மிதியை வாங்கும்போது, டிரைவர் பக்கம் அது வழுக்கி ஆக்சிலரேட்டருக்கு அடியில் போகாமல் கொக்கியில் மாட்டி நிற்கிறதா என்று பாருங்கள்.

இலவச ஆக்சசரீஸ் தருகிறோம் என்றால், அதே தொகையை விலையில் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து: ஃபாக் லேம்ப், பெரிய ஸ்கிரீன், ரிவர்ஸ் கேமரா மூணையும் வெளிய போட்டா பாதி விலை. வாரன்டி போயிருமா?

போடுகிற விதத்தைப் பொறுத்தது. கம்பெனி வயரை நடுவில் வெட்டி, முறுக்கி, டேப் சுற்றினால் அந்த மின்சுற்றில் எது பழுதானாலும் உங்கள் தலையில்தான் விழும். வாரன்டியில் பார்க்க மாட்டார்கள். தீப்பிடிக்கிற வாய்ப்பும் அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் மாடலுக்கென்றே வரும் கப்ளர் செட் இருந்தால், கம்பெனி சாக்கெட்டில் அப்படியே சொருகிக்கொள்ளலாம். வெட்டே இல்லை. கடைக்காரர் கையில் கட்டிங் பிளேயரை எடுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ரிவர்ஸ் கேமரா நல்ல செலவு. உங்கள் ஊர்த் தெருவில் பிள்ளைகளும் கோழிகளும் பின்னால் நிற்பது கண்ணாடியில் தெரியாது. மற்ற இரண்டும் உங்கள் விருப்பம். இப்படி வெளியே மாட்டும் மின்பொருட்களை இன்சூரன்ஸ் பாலிசியில் எழுதிவிடுங்கள். மதிப்பில் சுமார் 4 சதவீதம் பிரீமியம் கூடும். எழுதாமல் விட்டால் திருட்டுப் போனாலும் ஒரு பைசா வராது.

வில்லாபுரத்திலிருந்து: அண்டர்பாடி கோட்டிங், டெஃப்ளான் ரெண்டும் சேத்து ஒரு பேக்கேஜ் தர்றாங்க. போடலாமா?

மதுரையில் ஓடுகிற வண்டிக்கு இரண்டும் வேண்டாம். இன்றைய வண்டியின் அடிப்பகுதி தொழிற்சாலையிலேயே துருத் தடுப்புப் பூச்சோடு வருகிறது. மாமனார் வீடு ராமேஸ்வரம், மண்டபம், தூத்துக்குடி என்று கடலோரத்தில் இருந்து அடிக்கடி போய் நாட்கணக்கில் நிறுத்துவீர்கள் என்றால் அண்டர்பாடி போடலாம். அப்போதும் கதவடியிலும், கதவுக்குக் கீழே ஓடும் சைடு சில்லிலும் உள்ள தண்ணீர் வடியும் துளைகளை அடைக்காமல் பூசச் சொல்லுங்கள். அடைத்தால் உள்ளே தேங்கிய தண்ணீராலேயே துரு பிடிக்கும்.

பெயின்ட் மேல் பூசும் டெஃப்ளானின் பளபளப்பு சில மாதத்தில் போய்விடும். நம் போர் தண்ணீர் உப்பு. வெயிலில் கழுவி அப்படியே காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி படியும். நிழலில் கழுவி உடனே மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தாலே பெயின்ட் பல வருஷம் நிற்கும்.

காளவாசலிலிருந்து: இன்சூரன்ஸ் நம்மகிட்டத்தான் எடுக்கணும்னு ஷோரூம்ல சொல்றாங்க. ஆட்-ஆன் எது எது வேணும்?

எங்கே எடுப்பது என்பது உங்கள் உரிமை. அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி மூன்று வருஷத்துக்குப் புது காருக்குக் கட்டாயம். சொந்த சேதத்துக்கு ஒரு வருஷம் போதும். அதே ஐடிவி (பாலிசியில் போடும் வண்டி மதிப்பு), அதே ஆட்-ஆன் (கூடுதல் காப்பு) வைத்து வெளியே இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். அந்தத் தாளைக் காட்டினாலே ஷோரூம் விலை இறங்கும்.

ஆட்-ஆனில் முதலில் ஜீரோ டெப்ரிசியேஷன், அதாவது தேய்மானம் கழிக்காமல் தருவது. அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். பம்பர் 12,000 என்றால் 6,000 உங்கள் கையிலிருந்து. இன்றைய வண்டியில் முன்னாலும் பின்னாலும் முக்கால்வாசி பிளாஸ்டிக்தான். ஆயில், நட்டு போல்ட் போன்றவற்றுக்கான கன்ஸ்யூமபிள்ஸ் விலை குறைவு, சேர்க்கலாம். முதல் வருஷம் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் நல்லது. வண்டி திருடு போனாலோ முழுதாக நொறுங்கினாலோ இன்வாய்ஸ் விலை கிடைக்கும். ஓட்டுநர்-உரிமையாளர் விபத்துக் காப்பு 15 லட்சம் உங்களிடம் ஏற்கெனவே வேறு பாலிசியில் இருந்தால் அதை இரண்டாவது தடவை விற்க விடாதீர்கள்.

செல்லூரிலிருந்து: மேல கேட்டவருக்குச் சொன்னதுல எஞ்சின் புரொடெக்ட் பத்திச் சொல்லலையே அண்ணே?

செல்லூர்க்காரர் நீங்கள், கண்டிப்பாக எடுங்கள். 2024 அக்டோபரில் உங்கள் பக்கம் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோமே. சாதாரணப் பாலிசியில், தண்ணீர் உறிஞ்சி எஞ்சின் உள்ளே உடைந்தால் அதைப் பின்விளைவுச் சேதம் என்று ஒதுக்கிவிடுவார்கள். இந்த ஆட்-ஆன் அதற்குத்தான். வண்டி தண்ணீருக்குள் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. தள்ளி ஏற்றி, டோ பண்ணிக் கொண்டுபோங்கள்.

அலங்காநல்லூரிலிருந்து: முன்னாடி கனமா ஒரு இரும்பு பம்பர் கார்டு போட்டா என்ன?

போடாதீர்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தடை செய்யச் சொல்லிவிட்டது. மோதலின் வேகத்தை நொறுங்கி உள்வாங்குகிற மாதிரி வண்டியின் முன்பாகத்தை அமைத்திருக்கிறார்கள். நடுவில் இரும்பு வந்தால் அந்த அடி நேராகச் சட்டத்துக்குப் போகும், ஏர்பேக் விரிகிற நேரமும் குழம்பும். உங்கள் வண்டி குறுக்கே வந்தவர் மேல் பட்டால் அவருக்கும் உயிராபத்து. கறுப்பு ஃபிலிமும் இதே கதைதான், 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டது.

திருப்பரங்குன்றத்திலிருந்து: அம்மாவுக்கு மூட்டுவலி. பின்சீட்டுலதான் உக்காருவாங்க. வெயில் வேற தாங்காது. அவங்களுக்காக என்ன சேக்கலாம்?

இந்தக் கேள்விக்கு முதலில் நன்றி. அம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். பின்கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, சீட் அவர் முழங்கால் உயரத்துக்கு இருக்கிறதா, ஏறும்போது பிடிக்க மேலே கைப்பிடி உண்டா என்று அவரே ஏறி இறங்கிப் பார்க்கட்டும். சீட் தாழ்வாக இருந்தால் எழும்போது முழங்காலில் முழுப் பாரமும் இறங்கும், அதைப் பிறகு எதை மாட்டியும் சரிபண்ண முடியாது.

பின் ஏசி வென்ட் உள்ள வேரியன்ட் அவருக்காக எடுக்க வேண்டிய செலவு. டெஸ்ட் டிரைவை மதியம் 2 மணிக்குக் கேளுங்கள். வெயிலில் நின்ற வண்டியில் ஏறி, பின் வென்ட் முன்னால் உள்ளங்கையை வையுங்கள். பத்து நிமிஷத்தில் குளிர்ந்த காற்று வலுவாக வர வேண்டும். சில வண்டிகளில் வென்ட் இருக்கும், காற்று இருக்காது. உள்ளலங்காரம் முழுக் கறுப்பு வேண்டாம். வெளி நிறம் வெள்ளையோ சில்வரோ என்றால் சூடு குறையும்.

தேனி ரோட்டிலிருந்து: மாசத்துக்கு ஒரு தடவ கொடைக்கானல், போடி மெட்டுன்னு ஏறுவோம். ஆட்டோமேட்டிக் எடுத்தா சரியா வருமா?

வரும், ஆனால் எந்த ஆட்டோமேட்டிக் என்று பாருங்கள். ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற்றும் வகை) விலை குறைவு, மைலேஜும் நல்லது. கொண்டை ஊசி வளைவில் கியர் மாறும்போது ஒரு தயக்கம் தெரியும். எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வர்டர் வகையில் அது இல்லை. எதுவாக இருந்தாலும் ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டு இருக்க வேண்டும். இறக்கத்தில் கியரைக் கையால் குறைக்க மேனுவல் மோடும் வேண்டும். வத்தலக்குண்டுக்கு இறங்குகிற வழி முழுக்க பிரேக்கையே மிதித்து வந்தால் பிரேக் சூடாகிப் பிடிக்காது. ஆட்டோமேட்டிக் என்றால் நீட்டித்த வாரன்டியையும் சேருங்கள். கியர்பாக்ஸ் பழுது ஒன்றே அந்தப் பணத்தைத் தாண்டும்.

கே.கே. நகரிலிருந்து: அடாஸ் இருக்கிற டாப் வேரியன்ட் நம்ம ரோட்டுக்கு உபயோகமா சார்?

அடாஸ் என்றால் கேமராவும் சென்சாரும் வைத்து ஓட்டுநருக்கு உதவும் வசதிகள். திருநெல்வேலி, திருச்சி என்று நான்கு வழிச்சாலையில் அடிக்கடி போகிறவருக்கு, முன்னால் மோதுவது போல வந்தால் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி உயிரைக் காக்கும். மாசி வீதிகளுக்குள்ளும் கீழவாசல் நெரிசலிலும் அது அலறிக்கொண்டே இருக்கும். எதிர்த்திசையில் வருகிற பைக்கையும் ஆட்டையும் நம்பி அதனிடம் விட முடியாது. முன்கண்ணாடி உடைந்தால் கேமராவையும் மறுபடி சரிபார்த்து அமைக்க வேண்டும், அது தனிச் செலவு. ஊருக்குள்தான் ஓட்டம் என்றால் அந்தப் பணத்துக்கு 360 டிகிரி கேமரா உங்கள் தெருவில் அதிகம் உழைக்கும்.

சோழவந்தானிலிருந்து: ஸ்டெப்னிக்குப் பதிலா பஞ்சர் கிட்தான் வருதாம். பரவாயில்லையா?

ஆணி குத்தினால் கிட் போதும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் கிட் ஒன்றும் செய்யாது, ராத்திரியில் வயக்காட்டு ரோட்டில் நின்றுவிடுவீர்கள். ஸ்டெப்னி ஆப்ஷனாகக் கிடைத்தால் வாங்குங்கள். சின்ன அளவு ஸ்டெப்னி என்றால் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள். 12 வோல்ட்டில் ஓடும் காற்றடிக்கும் பம்ப் ஒன்றை வெளியே வாங்கி டிக்கியில் போட்டுவையுங்கள்.