வாசகர் கேள்வி – பதில்: கடற்கரை ரிசார்ட்டும் கட்டுப்படியாகும் செலவும்

கேள்வி: நான், கணவர், ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன், மாமியார் என ஐவர் மே மாத விடுமுறையில் மூன்று இரவுகள் ஒரு கடற்கரை ரிசார்ட்டில் தங்க விரும்புகிறோம். இலங்கையின் பென்தோட்டையில் ‘ஆல் இன்க்ளூசிவ்’ தொகுப்பு ஒன்று இருப்பதாகவும், சாப்பாடு, குடிவகை, குழந்தைகளுக்கான விளையாட்டு எல்லாம் அதில் அடங்கும் என்றும் பயண முகவர் சொல்கிறார். எங்கள் வீட்டில் மது அருந்துபவர் யாரும் இல்லை. மாமியாரும் நானும் சைவம். இந்தத் தொகுப்பு எங்களுக்கு இலாபமா? – திருச்சி வாசகி

பதில்: இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் முகவர் அதைச் சொல்லவில்லை. பென்தோட்டை, பேருவளை, ஹிக்கடுவை ஆகியவை இலங்கையின் தென்மேற்குக் கரையில் இருப்பவை. நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் அங்கே கடல் அமைதியாக இருக்கும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிடுவதால் அலை உயர்ந்து, பல நாள்கள் சிவப்புக் கொடி ஏற்றப்பட்டிருக்கும். அந்த மாதத்தில் அங்கே விலை குறைவதற்கும் அதுவே காரணம். ஐந்து வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு நீச்சல் குளத்தோடு திருப்திப்பட்டுக்கொள்ள நீங்கள் தயார் என்றால் அந்த விலை நல்ல விலைதான். கடலில் இறங்க வேண்டும் என்றால் அது வீண் செலவு.

அதே மே மாதத்தில் கிழக்குக் கரை நேர்மாறாக இருக்கும். திருகோணமலையை அடுத்த நிலாவெளி, மட்டக்களப்பு மாவட்டத்தின் பாசிக்குடா ஆகிய இடங்களுக்கு ஏறத்தாழ ஏப்ரல் இறுதி முதல் செப்டம்பர் வரை நல்ல பருவம். நம் ஊர்ப் பள்ளி விடுமுறையோடு அது பொருந்தி வருவதை நம் முகவர்கள் ஏனோ கண்டுகொள்வதில்லை. பாசிக்குடாவை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம், அந்த விரிகுடாவின் ஆழமின்மை. பவளப்பாறைத் திட்டு அலையைத் தடுத்துவிடுவதால், கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே நடந்தாலும் பெரியவர்களுக்கு இடுப்பளவுத் தண்ணீர்தான் இருக்கும். சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் குழந்தையின் கையை இறுகப் பிடித்தபடி அலைக்கு அஞ்சி நிற்பவர்களுக்கு இது வேறோர் அனுபவம். அதற்காகக் குழந்தையைத் தனியே விடலாம் என்று பொருளல்ல.

பாசிக்குடாவுக்குக் கொழும்பிலிருந்து சாலை வழியாக ஆறேழு மணி நேரம் ஆகும். மட்டக்களப்பு ரயிலில் வந்தால் வாழைச்சேனையிலோ கல்குடாவிலோ இறங்கலாம். வண்டி வாடகையோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு, ஆனால் ரயில் ஓடும் நாளையும் நேரத்தையும் முன்பே உறுதிசெய்துகொண்டு இருக்கைகளைப் பதிவுசெய்யுங்கள். காரில் செல்வதானால், வழியில் பொலன்னறுவையில் சோழர் எழுப்பிய வானவன் மாதேவி ஈச்சரத்தைப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மாமியார் உங்களை வாழ்த்துவார்.

இனி, தொகுப்பு இலாபமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஹாஃப் போர்ட் என்பது காலை உணவும் இரவு உணவும். ஃபுல் போர்ட் என்பது மூன்று வேளை உணவு. ஆல் இன்க்ளூசிவ் என்பது அவற்றோடு பானங்களும் இடைவேளைச் சிற்றுண்டியும். நம் நாட்டு விடுதிகள் இவற்றில் முதல் இரண்டை எம்.ஏ.பி., ஏ.பி. என்று எழுதும். ஃபுல் போர்டுக்கும் ஆல் இன்க்ளூசிவுக்கும் இடையே உள்ள விலை வேறுபாட்டில் பெரும்பங்கு மதுவுக்கானது. மது அருந்தாத உங்கள் குடும்பம் அந்தக் கட்டணத்தைச் செலுத்தினால், பக்கத்து மேசைக்காரரின் பீருக்கு நீங்கள் பணம் தருகிறீர்கள் என்றுதான் கொள்ள வேண்டும். குழந்தைகள் குடிக்கும் பழச்சாற்றையும் ஐஸ்கிரீமையும் தனியே வாங்கினாலும் அந்த வேறுபாட்டை எட்டுவது அரிது. ஆகவே ஹாஃப் போர்ட் எடுங்கள். காலை பத்து மணி வரை நிதானமாக உண்டுவிட்டு, மதியத்தை இளநீர், பழம், வெளியே ஓர் எளிய கடைச் சாப்பாடு என்று முடித்துக்கொள்ளலாம். கல்குடா, வாழைச்சேனைப் பக்கம் தமிழிலேயே கேட்டு வாங்கிச் சாப்பிடலாம்.

சைவம் உண்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலைப் பந்தியில் அப்பமும் இடியப்பமும் சொதியும் சம்பலும் இருக்கும். பார்வைக்கு எல்லாம் நம் வீட்டுச் சமையல் போலவே தெரியும். ஆனால் தேங்காய்ச் சம்பலிலும் சில மரக்கறி வதக்கல்களிலும் மாசிக்கருவாட்டை இடித்துச் சேர்ப்பது அங்கே வழக்கம். அறையைப் பதிவுசெய்யும்போதே ‘மாசி சேர்க்காத சைவம் இருவருக்கு’ என்று எழுதிவிடுங்கள். பரிமாறும் இடத்திலும் ஒருமுறை கேளுங்கள்.

அறை விஷயத்தில், ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை பெற்றோர் அறையில் தங்கினால் பெரும்பாலும் கட்டணம் இருக்காது; ஆறு முதல் பதினொன்று வரை பாதிக் கட்டணம் என்பது பொதுவான நடைமுறை. உங்கள் மாமியாரை மூன்றாவது பெரியவராக அதே அறையில் சேர்ப்பதைவிட, அவரையும் மகளையும் அடுத்த அறையில் தங்கவைத்தால் எவ்வளவு ஆகும் என்று விலை கேட்டுப் பாருங்கள். சில விடுதிகளில் பெரியவர் ஒருவரோடு தங்கும் குழந்தைக்கும் சலுகை உண்டு. அப்போது இரண்டு அறை எடுப்பதும் கூடுதல் கட்டில் போடுவதும் செலவில் நெருங்கி வந்துவிடும்.

கேள்வி: மாலத்தீவு பணக்காரர்களுக்கு மட்டும்தானா? நடுத்தர வருமானக் குடும்பம் அங்கே சென்றுவர வழி உண்டா? – கோவை வாசகர்

பதில்: வழி உண்டு, ஆனால் இங்கே என் கணக்கு தலைகீழாகிவிடும். மாலத்தீவில் ஒரு ரிசார்ட் என்பது ஒரு தீவு. வெளியே கடையும் இல்லை, தெருவும் இல்லை. காபியும் தண்ணீர்ப் புட்டியும்கூட விடுதி வைத்த விலைக்குத்தான் கிடைக்கும். அதனால் மது அருந்தாதவர்களுக்கும் குறைந்தது ஃபுல் போர்ட் தேவை. சிறு குழந்தைகள் அடிக்கடி ஏதாவது கேட்பார்கள் என்றால் ஆல் இன்க்ளூசிவே நிம்மதி.

செலவைத் தீர்மானிப்பது அறை வாடகை மட்டுமன்று. விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போகும் பயணம் பல குடும்பங்களின் கணக்கைக் கவிழ்த்துவிடுகிறது. கடல் விமானம் என்றால் பெரியவர் ஒருவருக்குப் போக வரப் பல நூறு டாலர் ஆகும். அது பகலில் மட்டுமே பறக்கும் என்பதால், மாலையில் வந்திறங்கினால் தலைநகர் மாலேயில் ஓர் இரவு தங்கும் செலவும் சேரும். விரைவுப் படகில் சென்றடையக்கூடிய, தலைநகரை ஒட்டிய தீவுகளை மட்டும் தேடுங்கள். அடுத்து, பசுமை வரி. 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டில் தங்கும் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 12 டாலர். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. நால்வர் மூன்று இரவு தங்கினால் இதுவே 144 டாலர். விலைப்பட்டியலில் தொகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் சுற்றுலாச் சேவை வரியும் அதன்மேல் வரும் என்று பொருள். அந்த வரி 2025 ஜூலை முதல் 17 விழுக்காடு.

இதுவும் கட்டுப்படியாகாது என்றால், மக்கள் வாழும் தீவுகளில் தங்குங்கள். 2009க்குப் பிறகு அங்கே விருந்தினர் இல்லங்கள் நடத்த அனுமதி கிடைத்ததிலிருந்து, மாஃபுஷி போன்ற தீவுகள் வேறு விதமான சுற்றுலாவைத் தொடங்கிவிட்டன. ஐம்பது அறைகளுக்கு மேற்படாத இல்லங்களில் பசுமை வரி 6 டாலர்தான். மது கிடைக்காது, நீச்சலுடைக்கென ஒதுக்கிய கடற்கரையைத் தவிர மற்ற இடங்களில் உடலை மறைத்த உடை வேண்டும். நம் குடும்பங்களுக்கு இவை இரண்டும் பெரிய இடையூறு அல்ல. ஒருநாள் மட்டும் பக்கத்து ரிசார்ட்டுக்குப் பகல் நேர அனுமதிச் சீட்டு வாங்கிச் சென்று, அதன் குளத்தையும் மதியப் பந்தியையும் அனுபவித்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம். இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வந்திறங்கியதும் இலவசமாகக் கிடைக்கிறது. பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ஐமுகா (IMUGA) என்னும் பயணி விவர இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். அதுவும் இலவசம், பணம் கேட்கும் தளங்களை நம்பாதீர்கள்.

கேள்வி: எல்லாம் அடக்கம் என்று பணம் கட்டிய பிறகும், ஒரு விடுதியில் கிளம்பும்போது தனியே ஒரு பெரிய பில் நீட்டினார்கள். இதை எப்படித் தவிர்ப்பது? – மதுரை வாசகர்

பதில்: பணம் கட்டுவதற்கு முன், அடக்கத்தில் இல்லாதவற்றின் பட்டியலை எழுத்து மூலம் கேளுங்கள். தொகுப்பு எடுத்தவர் என்பதற்கு அடையாளமாகக் கையில் கட்டும் பட்டை எல்லாக் கதவையும் திறக்காது. பந்தி உணவகம் அடக்கம், பட்டியல் பார்த்துக் கேட்டு வாங்கும் உணவகம் தனிக்கட்டணம். துடுப்புப் படகு அடக்கம், இயந்திரப் படகு தனிக்கட்டணம். குழந்தைகள் மன்றம் அடக்கம், இரவில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண் தனிக்கட்டணம் என்பதாகவே பெரும்பாலும் இருக்கும். அறைக்கு வரவழைக்கும் உணவும், அறைக் குளிர்பெட்டியும் விடுதிக்கு விடுதி மாறும். எதிலாவது கையொப்பம் இடச் சொன்னால், அது கணக்கில் ஏறுகிறது என்று தெரிந்துகொண்டு, தொகையைப் பார்த்த பின்பே இடுங்கள். முதல் நாள் இரவே வரவேற்பறையில் கணக்கைக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

கடைசி நாளையும் விசாரியுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலிசெய்யும்போது பல இடங்களில் சாப்பாட்டு உரிமையும் முடிந்துவிடும். இரவு விமானம் என்றால் மதிய உணவு யார் கணக்கு என்பதை முன்பே பேசிவிடுங்கள். இலங்கைக்குச் செல்பவர்களுக்கு இன்னொரு செய்தி: பௌர்ணமி தினமான போயா நாளில் அங்கே மது விற்பனைக்குத் தடை உண்டு. குடிவகைக்கும் சேர்த்துப் பணம் கட்டிய மைத்துனர் உடன் வந்தால், நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத் தேதியைக் குறியுங்கள். இந்திய முகவர் வழியாக வெளிநாட்டுத் தொகுப்பு வாங்கும்போது முன்கூட்டியே பிடிக்கப்படும் டி.சி.எஸ். என்னும் வரித் தொகையை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். அதற்கான சான்றிதழை மறக்காமல் வாங்குங்கள்.

கேள்வி: குழந்தைக்காக ரைஸ் குக்கர் எடுத்துச் செல்லலாமா? – சேலம் வாசகி

பதில்: வேண்டாம். அறைக்குள் சமைப்பதை ரிசார்ட்டுகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஆவி பட்டால் தீ எச்சரிக்கை மணி அடிக்கக்கூடும். பெரும்பாலான அறைகளில் மின்கெண்டி இருக்கும் என்பதால், வெந்நீர் ஊற்றினால் போதுமான சத்துமாவு, அவல் போன்றவற்றைக் கொண்டு செல்லுங்கள். தயிர்ச் சாதமோ பருப்புச் சாதமோ பிள்ளைக்கு வேண்டும் என்று முதல் நாளே தலைமைச் சமையல்காரரிடம் நேரில் கேட்டால், மறுக்காமல் தனியே செய்து தருவதுதான் பெரும்பாலான விடுதிகளின் வழக்கம்.