அவுரி இலை பச்சைதானே, சாயம் மட்டும் எப்படி நீலம்? அதற்காக ஏன் போராட்டம்?

இலையில் நீலம் கிடையாது. நீலமாக மாறக்கூடிய நிறமற்ற பொருள்தான் இருக்கிறது. இலையைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டால் அது நொதித்துத் தண்ணீரில் இறங்கும். அப்புறம் அந்தத் தண்ணீரை அடித்துக் கலக்குவார்கள். காற்று பட்டதும் நீலமாகி அடியில் படியும். அந்த வண்டலைக் கட்டியாக வெட்டிக் காயவைப்பார்கள். கட்டி வெறும் தண்ணீரில் கரையாது. காரத் தொட்டியில் மறுபடி நொதிக்கவைத்துக் கரைத்துத்தான் துணியை முக்க வேண்டும். வெளியே எடுக்கும்போது துணி மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும், கண்ணெதிரே நீலமாகும். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத வேடிக்கை!

கிரேக்கர்கள் இதை 'இந்தியப் பொருள்' என்ற அர்த்தத்தில் இண்டிகான் என்றார்கள். இண்டிகோ அதிலிருந்து வந்ததுதான்.

சரி, போராட்டம். வங்காளத்தில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் முன்பணம் கொடுத்து உழவர்களைக் கடனில் மாட்டி, நெல் விளையும் நிலத்தில் அவுரி போடவைத்தார்கள். 1859-இல் உழவர்கள் விதைக்க மறுத்து எழுந்தார்கள். இந்தக் கொடுமையைச் சொன்ன தீனபந்து மித்ராவின் 'நீல் தர்ப்பண்' நாடகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லாங்குக்கு 1861-இல் ஒரு மாதச் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம். அடித்தவனை விட்டுவிட்டு அச்சிட்டவரைப் பிடித்த கதை.

பீகாரின் சம்பாரணில் 20 கட்டா (அங்குள்ள நில அளவு) நிலத்தில் 3 கட்டா அவுரி போட வேண்டும் என்ற கட்டாயம், 1917-இல் காந்தி அங்கே போன பிறகுதான் ஒழிந்தது. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1897-இல் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததால் அவுரி விலை அதற்கு முன்பே விழுந்திருந்தது. அந்த நஷ்டத்தையும் தோட்டக்காரர்கள் குத்தகையை ஏற்றி உழவர் தலையில்தான் கட்டினார்கள்.