அந்தப் பட்டியலைப் போடப்போவதில்லை

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த பட்டியல் ஒன்றை இணைத்திருக்கிறேன். போதைப்பொருள்களுக்கு இன்றைய இளைஞர்கள் வைத்திருக்கும் 40 ரகசியப் பெயர்கள் அதில் இருக்கின்றன. 420 என்பது கஞ்சாவுக்கு அமெரிக்கப் போலீஸ் வைத்த எண் என்பது போன்ற விளக்கங்களும் உண்டு. பெற்றோர் விழித்துக்கொள்ள இதை அப்படியே வெளியிடும் துணிச்சல் உங்களுக்கு உண்டா? – ஒரு வாசகர்

பதில்: துணிச்சல் உண்டு. வெளியிட மாட்டேன். பட்டியலைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதலில் 420. 1971-இல் கலிஃபோர்னியாவின் சான் ரஃபேல் உயர்நிலைப் பள்ளியில் ஐந்து பையன்கள். எப்போதும் ஒரு சுவரோரமாகவே உட்கார்ந்திருந்ததால் 'வால்டோஸ்' என்று பெயர். கடற்கரைப் பக்கம் யாரோ பயிரிட்டுக் கைவிட்ட கஞ்சாச் செடிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு வரைபடத்தையும் வைத்துக்கொண்டு தேடக் கிளம்பினார்கள். விளையாட்டுப் பயிற்சி முடிந்து, பள்ளியில் இருந்த லூயி பாஸ்டர் சிலையடியில் மாலை 4:20-க்குக் கூடுவது என்று ஏற்பாடு. நடைவழியில் எதிரெதிரே வந்தால் '420 லூயி' என்று சொல்லிக்கொள்வார்கள். வாரக்கணக்கில் அலைந்தும் செடி கிடைக்கவில்லை. எண் மட்டும் மிஞ்சியது. கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழுவைச் சுற்றியிருந்த கூட்டத்தின் வழியாக அது வெளியே பரவியது. அஞ்சல் முத்திரையோடு 1970-களின் கடிதங்கள் இருப்பதால் இந்தக் கதையை நம்பலாம்.

அப்படியானால் போலீஸ் எண் எங்கிருந்து வந்தது? 1990 கடைசியில் கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டில், அதே இசைக்குழுவின் ரசிகர்களிடையே ஒரு துண்டுச்சீட்டு சுற்றியது. போலீஸ் குறியீடு என்று அதில்தான் அச்சடித்திருந்தார்கள். அடுத்த ஆண்டு ஒரு பத்திரிகையிலும் அது ஏறிவிட்டது. உங்களுக்கு வந்திருப்பது அந்தச் சீட்டின் கொள்ளுப்பேரன். கலிஃபோர்னியாவின் தண்டனைச் சட்டத்தில் 420-வது பிரிவு என்று ஒன்று உண்டுதான். பொது நிலத்துக்குள் நுழைபவரைத் தடுப்பது பற்றிப் பேசுகிறது அது. இந்தியக் காதுக்கு அதே எண் மோசடிக்காரன். பழைய இந்தியத் தண்டனைச் சட்டமே 2024 ஜூலையில் ஓய்வுபெற்றுவிட்டது. மோசடிக்கு இப்போது வேறு பிரிவு. 'ஃபோர் ட்வென்டி' என்ற வசவு மட்டும் அப்படியே இருக்கிறது.

அடுத்து 'டோப்'. உங்கள் பட்டியல் 'ஹெராயின்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. பாவம், எவ்வளவு ஊர் சுற்றிய சொல் அது! டச்சு மொழியில் தொட்டுக்கொள்ளும் குழம்புக்குப் பெயர். அமெரிக்காவுக்கு வந்து, கெட்டியான எந்தத் திரவத்தையும் குறிக்கத் தொடங்கியது. புகைப்பதற்காகச் சூடாக்கிய அபின் பாகு மாதிரி இருக்குமல்லவா, அதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு பந்தயக் குதிரைக்குக் கொடுத்த மருந்து. எந்தக் குதிரைக்கு மருந்து ஏறியிருக்கிறது என்று தெரிந்தவனுக்குத்தானே லாபம், அதனால் 'உள்விவரம்' என்ற பொருள் வந்தது என்கிறார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் விமானத்தின் துணி இறக்கைகளை விறைப்பாக்கப் பூசிய மெருகும் டோப்தான். 1980-களில் ஹிப் ஹாப் பாடகர்கள் வாயில் 'பிரமாதம்' ஆகிவிட்டது. இப்போது ஒரு பையன் 'இந்தப் பாட்டு டோப்' என்றால் பாட்டைப் பாராட்டுகிறான், அவ்வளவுதான். உங்கள் பட்டியலை நம்புகிற அப்பா அவனுடைய சட்டைப்பையைச் சோதிப்பார்.

இதில் வியக்க ஒன்றுமில்லை. 'சரக்கு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலில் ஏறுவதும் சரக்கு, நாட்டு மருந்துக்கு வாங்குவதும் சரக்கு, பாட்டிலில் வருவதும் சரக்கு. 'பேச்சில் சரக்கே இல்லை' என்றால் யாரும் பேச்சாளரின் வாயை முகர்ந்து பார்ப்பதில்லை. டோப் போன அதே பாதையில், பொருளிலிருந்து போதைக்கும் அறிவுக்கும், இந்தச் சொல்லும் தானாகவே போயிருக்கிறது. ஆங்கிலம் 'டோப்'பில் செய்ததைத் தமிழ் யாரிடமும் கேட்காமல் செய்துவிட்டது.

'டீ என்றால் கஞ்சா' என்ற வரியும் பார்த்தேன். உண்மைதான், 1930-களின் ஜாஸ் இசைக்காரர்களுக்கு. இன்றைய பிள்ளைகளின் ஆங்கிலத்தில் 'டீ' என்றால் ஊர்வம்பு. இப்படிப்பட்ட சொல், வெளியாளுக்குப் புரிந்த அன்றே உள்ளே இருப்பவர்களுக்குச் சலித்துவிடும். அப்பாவின் தொலைபேசிக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்றால் அது எப்போதோ ஓய்வுபெற்ற சொல்.

ஹெராயினுக்கு ஏழு ரகசியப் பெயர்கள் தந்திருக்கிறீர்கள். 'ஹெராயின்' என்பதே ஒரு விற்பனைப் பெயர் என்பதை எந்த வாட்ஸ்அப் குழுவும் சொல்லக் காணோம். 1898-இல் பேயர் நிறுவனம் இருமல் மருந்துக்கு வைத்தது. வீரம் என்ற பொருள்படும் சொல்லிலிருந்து எடுத்தது. சந்து பொந்தில் பிறந்த பெயரல்ல, கோட்டு போட்டவர்கள் வைத்தது. பட்டியலில் பதுங்கல் பெயர்களுக்குத்தான் சிவப்பு அடிக்கோடு, இதற்கு இல்லை.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த 31-வது வரி: 'கேக் – மஞ்சள் நிறப் பெரிய மாத்திரை, மிக ஆபத்து.' இந்தக் கேக்கை நான் முன்பே சந்தித்திருக்கிறேன். 1990-களின் நடுவில் ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி நையாண்டி நிகழ்ச்சிக்காரர்கள் இல்லாத போதைப்பொருள் ஒன்றை உருவாக்கி 'கேக்' என்று பெயர் வைத்தார்கள். பிரபலங்களைக் கேமரா முன் உட்காரவைத்து, அதன் கொடுமையையும் இட்டுக்கட்டிய கொச்சைப் பெயர்களையும் வாசிக்கச் சொன்னார்கள். அத்தனை பேரும் கடுமையான முகத்தோடு வாசித்தார்கள். ஒரு எம்.பி. ஒருபடி மேலே போய், 1996-இல் நாடாளுமன்றத்திலேயே கேக்கைப் பற்றிக் கேள்வி கேட்டார். நிகழ்ச்சி 1997-இல் ஒளிபரப்பானது. நாடு சிரித்தது.

உங்கள் பட்டியலில் அந்தக் கேக் இன்னும் கெடாமல் இருக்கிறது. அதை உங்களுக்கு அனுப்பியவரிடம், அவருக்கு யார் அனுப்பினார்கள் என்று கேளுங்கள். அவரிடமும் அப்படியே கேட்கச் சொல்லுங்கள். அந்தச் சங்கிலி எங்கே போய் முடிகிறது என்று எழுதி அனுப்பினால், அதைக் கட்டாயம் போடுகிறேன்.