பிளஸ் ஒன் பாடங்களை ஏப்ரலுக்கு ஒத்திவைக்கலாமா?

கொளத்தூரிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய மகள் மாநிலப் பாடத்திட்டத்தில், உயிரியல் பிரிவில் படிக்கிறார். இந்த ஜூன் மாதம் பிளஸ் டூ வகுப்புக்குச் சென்றிருக்கிறார். பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்பதால் சென்ற ஆண்டு பள்ளியில் பல பாடங்களை வேகமாக முடித்துவிட்டார்கள். மகளுக்கும் அவை மனதில் நிற்கவில்லை. வாரத்தில் மூன்று மாலைகள் அண்ணா நகரில் நீட் பயிற்சி வகுப்பு. வீடு திரும்ப இரவு ஒன்பது மணி ஆகிறது. "இப்போது பிளஸ் டூவை மட்டும் படித்து முடித்துவிட்டு, பொதுத்தேர்வு முடிந்த பிறகு பிளஸ் ஒன்னைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மகள் சொல்கிறாள். அது சரிவருமா? பொதுத்தேர்வுக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்கு என் பதில்: தயவுசெய்து ஒத்திவைக்க வேண்டாம். பொதுத்தேர்வு மார்ச் மாதக் கடைசியில் முடிகிறது என்று வைத்துக்கொண்டால், வழக்கமாக மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமையையொட்டி நடக்கும் நீட் தேர்வுக்கு ஐந்து வாரங்களே இருக்கும். நீட் பாடத்திட்டத்தில் ஏறத்தாழப் பாதி பிளஸ் ஒன் பாடங்கள். அவ்வளவையும் புதிதாகப் படிப்பதற்கு அந்த ஐந்து வாரங்கள் போதா. படித்ததைத் திருப்பிப் பார்க்கவும் மாதிரித் தேர்வுகள் எழுதவும் மட்டுமே அவை சரியாக இருக்கும்.

ஆனால் நாள் கணக்கைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பிளஸ் ஒன்னைத் தள்ளிவைத்தால் இப்போது படிக்கும் பிளஸ் டூவே சரியாக ஏறாது. நான் பல ஆண்டுகளாக இயற்பியல் கற்பித்துவருகிறேன். இதை வகுப்பறையில் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். பிளஸ் டூவில் காந்தவியல் பாடம் நடக்கும்போது, காந்தப்புலத்துக்குச் செங்குத்தாக நுழையும் மின்துகள் வட்டப்பாதையில் சுற்றும் என்று சொல்லித்தருகிறோம். துகளின் நிறையையும் வேகத்தையும் பெருக்கி, அதை மின்னூட்டத்தையும் காந்தப்புலத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் வட்டத்தின் ஆரம் கிடைக்கும். மாணவி இதை மனப்பாடம் செய்துகொள்கிறார். புரோட்டானும் ஆல்பா துகளும் ஒரே வேகத்தில் நுழைந்தால் எந்த வட்டம் பெரியது என்று கேட்டால், ஆல்பாவுக்கு நிறை நான்கு மடங்கு, மின்னூட்டம் இரண்டு மடங்கு, எனவே ஆரம் இரண்டு மடங்கு என்று உடனே சொல்லிவிடுகிறார். கேள்வியில் ஒரு சொல்லை மாற்றி, இரண்டுக்கும் வேகம் அல்ல, இயக்க ஆற்றல் சமம் என்று கொடுத்துப் பாருங்கள். பேனா நின்றுவிடும். இயக்க ஆற்றல் சமமாக இருக்கும்போது நான்கு மடங்கு நிறையுள்ள துகளின் வேகம் பாதியாகத்தான் இருக்கும் என்பது பிளஸ் ஒன்னில் 'வேலை, ஆற்றல், திறன்' பாடத்தில் வருவது. அது தெரிந்திருந்தால் நான்கில் பாதி இரண்டு, அதை இரண்டு மடங்கு மின்னூட்டத்தால் வகுத்தால் ஒன்று, ஆகவே இரண்டு வட்டங்களும் சமம் என்று அரை நிமிடத்தில் விடை வந்துவிடும். இந்தக் கேள்வி பிளஸ் டூ கேள்வியாகத் தோன்றினாலும், தடுக்கி விழும் இடம் பிளஸ் ஒன்னில் இருக்கிறது.

ஆகவே நான் பரிந்துரைக்கும் முறை, பிளஸ் ஒன்னைத் தனி மூட்டையாகக் கட்டி வைக்காமல், பள்ளியில் எந்தப் பிளஸ் டூ பாடம் தொடங்குகிறதோ அதற்கு அடித்தளமான பிளஸ் ஒன் பாடத்தை அந்த வாரத்திலேயே எடுத்துப் படிப்பதுதான். நிலைமின்னியல் தொடங்கும்போது வெக்டர்களையும் ஈர்ப்பியலையும் திருப்பிப் பார்க்க வேண்டும். தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் விசை குறைவது இரண்டிலும் ஒன்றே. காந்தவியலுக்கு முன் வட்ட இயக்கமும் ஆற்றலும், மாறுதிசை மின்னோட்டத்துக்கு முன் அலைவுகள், அலை ஒளியியலுக்கு முன் அலைகளின் மேற்பொருந்துதல். வேதியியலில் அணைவுச் சேர்மங்களுக்கு முன் வேதிப்பிணைப்பு, மின்வேதியியலுக்கு முன் ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினைகளும் வெப்ப இயக்கவியலும், கார்பனைல் சேர்மங்களுக்கு முன் கரிம வேதியியலின் அடிப்படைகள். உயிரியலில் மரபியலைத் தொடங்கும் வாரத்தில் குன்றல் பிரிவை, அதாவது குரோமோசோம்களின் எண்ணிக்கை பாதியாகும் செல் பிரிதலை, படம் வரைந்து பார்த்துவிட்டால், மெண்டலின் விதிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது தானாக விளங்கும். மனித இனப்பெருக்கத்துக்கு முன் நாளமில்லாச் சுரப்பிகளைப் பார்த்தால் மாதவிடாய்ச் சுழற்சியின் ஹார்மோன் வரைபடம் பயமுறுத்தாது. வார நாட்களில் பயிற்சி வகுப்பு இல்லாத இரண்டு மாலைகளை இதற்கு ஒதுக்குங்கள். மாலைக்கு ஒன்றரை மணி நேரம் போதும்.

இப்படிப் பிளஸ் டூவோடு ஒட்டாத பிளஸ் ஒன் பாடங்களும் சில உண்டு. விலங்குலகம், தாவர உலகம், பூக்கும் தாவரங்களின் புற அமைப்பு, மனித உடலியலில் சுவாசம், கழிவுநீக்கம் போன்றவை அப்படிப்பட்டவை. இயற்பியலில் பாய்மங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றுக்குத் தினசரிக் காலை நாற்பது நிமிடம் நிலையாக வேண்டும். விலங்குலகத்தில் வரும் தொகுதிகளையும் உதாரணங்களையும் ஒரே மூச்சில் படித்தால் பத்து நாளில் மறந்துவிடும். ஆகஸ்ட்டில் ஒரு முறை, அக்டோபரில் ஒரு முறை, ஜனவரியில் ஒரு முறை என்று இடைவெளி விட்டுப் படிப்பவருக்கே அது நிற்கிறது. நீட் தேர்வின் 180 கேள்விகளில் 90 உயிரியலிலிருந்து வருகின்றன. இரண்டு பேர் ஒரே மொத்த மதிப்பெண் எடுத்தால் தரவரிசையில் முதலில் பார்க்கப்படுவதும் உயிரியல் மதிப்பெண்தான். காலை நாற்பது நிமிடத்தைப் பெரும்பாலும் உயிரியலுக்கு ஒதுக்கச் சொல்வது அதனால்தான்.

மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். பயிற்சி மையங்கள் கொடுக்கும் அட்டவணைகள் பெரும்பாலும் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் படிக்கும் என்.சி.இ.ஆர்.டி. நூல்களின் வரிசையில் அமைந்தவை. வேதியியலில் கரைசல்களும் ஹேலோஆல்கேன்களும் அந்த நூல்களில் 12ஆம் வகுப்புப் பாடங்கள். நம் பாடநூலிலோ அவை பிளஸ் ஒன்னில் இருக்கின்றன. அயனிச் சமநிலை அங்கே 11ஆம் வகுப்பில் வருகிறது. நமக்கு அது பிளஸ் டூ. பயிற்சி மையத்தில் 'பிளஸ் டூ பகுதி' என்று கரைசல்களை நடத்தும்போது, இதைப் பள்ளியில் இந்த ஆண்டு சொல்லித்தருவார்கள் என்று உங்கள் மகள் காத்திருந்தால், அது நடக்காது. சென்ற ஆண்டு வேகமாகக் கடந்துபோன பாடங்களில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம்.

இன்னொரு பக்கம், நம் பிளஸ் டூ வேதியியல் நூலில் உள்ள உலோகவியல், திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், அன்றாட வாழ்வில் வேதியியல் ஆகியவை 2024ஆம் ஆண்டு முதல் நீட் பாடத்திட்டத்தில் இல்லை. தாவரவியலில் பொருளாதாரப் பயனுள்ள தாவரங்களும் பொதுத்தேர்வுக்கு மட்டும்தான். இவற்றைக் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கும் பொதுத்தேர்வுக்கும் மட்டும் படித்தால் போதும். பாடநூலின் பொருளடக்கப் பக்கத்தையும் நீட் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் பொதுவானவை, பள்ளிக்கு மட்டும் உரியவை, நீட்டுக்கு மட்டும் உரியவை என்று மூன்று நிறங்களில் குறித்துவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முடிந்துவிடும் வேலை. நீங்களே உடன் உட்கார்ந்து செய்யலாம், அதற்கு அறிவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில பள்ளிகள் பிளஸ் ஒன் பாடங்களை நடத்தாமல் இரண்டு ஆண்டுகளும் பிளஸ் டூவையே நடத்திய வழக்கத்தை மாற்றத்தான் 2017-18ஆம் கல்வியாண்டில் அந்தத் தேர்வு கொண்டுவரப்பட்டது. மாணவர்களின் சுமையைக் குறைப்பதற்காக 2025-26 முதல் அது நீக்கப்பட்டிருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு என்பது கடினமானதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளையின் வீட்டில், அரசு நடத்தாத அந்தத் தேர்வின் இடத்தில் வேறு ஏதாவது ஒரு கண்காணிப்பு இருந்தே ஆக வேண்டும். இப்போது பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் இதை மனதில் கொள்ள வேண்டுகிறேன்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பொதுத்தேர்வைக் குறைத்து மதிப்பிடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். மருத்துவத் தரவரிசையில் பிளஸ் டூ மதிப்பெண் சேர்வதில்லை என்பது உண்மை. இயற்பியல், வேதியியல், உயிரியலில் பொதுப்பிரிவினருக்கு 50 சதவீதமும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதமும் இருந்தால் தகுதி கிடைத்துவிடும். ஆனால் தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவம், வேளாண்மை, செவிலியர், பார்மசி போன்ற படிப்புகளின் மாநில இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்த்தே நிரப்பப்படுகின்றன. நீட்டில் எதிர்பார்த்த மதிப்பெண் வராத பிள்ளைக்கு அந்த ஆண்டே ஒரு நல்ல வழி திறந்திருக்க வேண்டுமானால் பொதுத்தேர்வு மதிப்பெண் கையில் இருக்க வேண்டும். டிசம்பர் அரையாண்டுத் தேர்வு வரை நீட் முறையில் பாடத்தை ஆழமாகப் படித்தவருக்கு, ஜனவரி முதல் மார்ச் வரை விடை எழுதும் பயிற்சி போதும். அந்த மூன்று மாதங்களில் பள்ளிக்கே முதலிடம் கொடுங்கள். அப்போதும் காலை நாற்பது நிமிடத்தை மட்டும் நிறுத்த வேண்டாம்.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பயிற்சி வகுப்பு முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வீடு வரும் பிள்ளையைப் பன்னிரண்டு மணி வரை உட்கார வைப்பதில் பயன் இல்லை. அந்த மூன்று நாட்களிலும் அன்று நடந்த பாடத்தில் பத்துக் கேள்விகளை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டுப் படுக்கட்டும். 2025இல் தேர்வு பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை நடந்தது. 180 நிமிடங்களில் 180 கேள்விகள், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறைப்பு. நள்ளிரவில் மட்டுமே கூர்மையாக வேலை செய்யப் பழகிய மூளைக்கு, மே மாதச் சென்னை வெயிலில் மதிய உணவுக்குப் பின் மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுதுவது பெரும்பாடு. எனவே மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பிற்பகல் 2 மணிக்கு, கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, வீட்டிலேயே முழு மாதிரித் தேர்வு எழுதச் செய்யுங்கள்.

அன்று மாலை மதிப்பெண்ணை முதலில் கேட்காதீர்கள். தவறான கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்தத் தவறு பிளஸ் ஒன் பாடத்தில் விழுந்ததா, பிளஸ் டூ பாடத்தில் விழுந்ததா, கேள்வியைச் சரியாக வாசிக்காததால் வந்ததா என்று குறிக்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன ஆல்பா துகள் கேள்வியைப் போல, பிளஸ் டூவாகத் தோன்றுபவற்றில் பல பிளஸ் ஒன் கணக்கில் எழுதப்பட வேண்டியவை என்பதை மகளே கண்டுகொள்வார். அரையாண்டு விடுமுறை தொடங்கும்போது அந்த நோட்டைப் புரட்டி எண்ணிப் பார்த்தால், விடுமுறை நாட்களை எந்தெந்தப் பாடங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கும்.